கை எந்தத் திசையில் நிற்கிறது? தோள், கை நோவுக்கு வீட்டில் செய்யும் இயன்மருத்துவம் (பிசியோதெரபி)

"கை நோகுது" என்று சொன்னால் தமிழில் தோளிலிருந்து விரல் நுனிவரை எதுவும் அதற்குள் அடங்கிவிடும். "கை விறைக்குது" என்றால் இன்னும் குழப்பம். ஒருவருக்கு அது மரத்துப்போவது, இன்னொருவருக்கு மூட்டு இறுகி அசையாமல் நிற்பது. இரண்டுக்கும் பயிற்சி வேறு. அதனால் எதையும் தொடங்கமுன் நோகும் இடத்தை ஒற்றை விரலால் தொட்டுப் பாருங்கள்.

விரலால் ஓரிடத்தைக் காட்ட முடியாமல், மேற்கையின் வெளிப்பக்கத்தை, அதாவது தடுப்பூசி போடும் இடத்தை, உள்ளங்கையால் தடவிக் காட்டுகிறீர்களா? அது பெரும்பாலும் தோள்மூட்டின் நோவு. தடவும் இடத்தில் பழுதொன்றும் இருக்காது. மூட்டுக்குள்ளோ, அதைச் சுற்றிய தசைநார்களிலோ (தசையை எலும்போடு பிணைக்கும் நார்களிலோ) உள்ள தொல்லை அங்கே வந்து நோகிறது. மாதக்கணக்கில் அந்த இடத்தில் எண்ணெயும் சித்தாலேபத் தைலமும் தேய்த்தும் கை உயராததற்கு இதுதான் காரணம். தேய்ப்பதால் சூடும் கொஞ்சம் இதமும் வரும், அவ்வளவுதான். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள சதையைப் பிடித்துக் காட்டினால் கழுத்தைச் சந்தேகியுங்கள். முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் விரல் குறியாகப் போய் நின்றால் அது முன்கைத் தசைநார். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் இரவில் மரத்து, கையை உதறினால் சரியாகிறதென்றால் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது. அதற்குத் தோளில் மருந்து தேடிப் பயனில்லை.

பயிற்சிக்கு முன் ஆஸ்பத்திரி

கை நோவோடு நெஞ்சு இறுக்கம், குளிர் வியர்வை, மூச்சு முட்டல், தாடை நோவு இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் இலங்கையில் 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். சுவசெரிய அம்புலன்சுக்குக் காசில்லை. இடது கை மட்டும்தான் என்றில்லை, வலது கையிலும் வரலாம். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு நெஞ்சு நோகாமலே மாரடைப்பு வருவதுண்டு. படியேறும்போது மட்டும் கை உளைந்து, நின்றால் தணிகிறதென்றால் அதையும் இதயமாகவே எடுத்துக்கொண்டு அன்றைக்கே வைத்தியரைப் பாருங்கள். வாய் ஒருபக்கம் கோணி, பேச்சுக் குழறி, கை திடீரென்று விழுந்தால் அது பாரிசவாதம். அங்கே நிமிடங்கள்தான் கணக்கு.

விழுந்து தோளின் உருவம் மாறியிருந்தாலோ கையை அசைக்கவே முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுக்கும்வரை யாரையும் இழுக்கவோ எண்ணெய் போட்டு நீவவோ விடவேண்டாம். இன்னொரு சங்கதியைப் பலர் தவறவிடுகிறார்கள். ஐம்பதைத் தாண்டியவர் குளியலறையில் சறுக்கி விழுகிறார், எக்ஸ்ரேயில் முறிவில்லை என்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள், ஒரு கிழமைக்குப் பிறகும் கை தானாக உயரவில்லை. தசைநார் முழுதாகக் கிழிந்திருக்கலாம், அது எக்ஸ்ரேயில் தெரியாது. எலும்பு மூட்டு சத்திரசிகிச்சை நிபுணரை உடனே காணவேண்டும். மாதங்கள் கடந்தால் தசை சுருங்கிக் கொழுப்பேறிவிடும், பிறகு தைத்துப் பிடிப்பது கடினம்.

காய்ச்சலோடு மூட்டு சிவந்து கொதித்தால் அன்றைக்கே போகவேண்டும். எந்த நிலையில் படுத்தாலும் மாறாத இரவு நோவு, காரணமில்லாத எடை குறைவு, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, இவற்றில் ஒன்றிருந்தாலும் முதலில் வைத்தியர். ஐம்பதுக்கு மேல் இரண்டு தோளும் இரண்டு இடுப்பும் சேர்ந்து, காலையில் முக்கால் மணிநேரத்துக்கு மேல் இறுகிக் கிடந்தால் இரத்தப் பரிசோதனை தேவை. எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு வலது தோள் நுனி குத்தினால் அது பித்தப்பையாகவும் இருக்கலாம்.

கதிரையில் இருந்தபடி மூன்று சோதனை

கையில்லாத உடுப்பில், கண்ணாடிக்கு முன்னால் இருங்கள்.

முதலாவதுதான் முக்கியமானது. இரு முழங்கைகளையும் இடுப்போடு ஒட்டி 90 பாகைக்கு மடியுங்கள், பெருவிரல் மேலே பார்க்கட்டும். இனி இரண்டு முன்கைகளையும் வெளிப்பக்கமாகத் திறவுங்கள், இரட்டைக் கதவு திறப்பதுபோல. நோகும் கை பாதியில் நின்றால் வீட்டிலுள்ள ஒருவரை அதை மெதுவாகத் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் தள்ளியும் சுவரில் முட்டியதுபோல நிற்கிறதா? மூட்டைச் சுற்றியுள்ள உறை இறுகிவிட்டது, அதாவது ஃப்ரோசன் ஷோல்டர். தள்ளினால் போகிறது, தானாகப் போகத்தான் நோகிறது அல்லது பலமில்லை என்றால் தசைநார். நோவு எவ்வளவு என்பது இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. கை எந்தத் திசையில் நிற்கிறது, பிறர் தள்ளினாலும் நிற்கிறதா என்பதே சொல்லும். இறுகி நிற்கும் தோளுக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுப்பது நல்லது. மூட்டுத் தேய்வும், கவனிக்காமல் விட்ட மூட்டு விலகலும் இதேபோலத்தான் கையை நிறுத்தும்.

இரண்டாவது, கையைப் பக்கவாட்டில் காதுவரை உயர்த்துவது. கிட்டத்தட்ட 60 பாகையிலிருந்து 120 பாகைவரை நொந்து, அதற்குமேல் தணிந்தால் தசைநார்க் கோளாறு என்ற சந்தேகம் பலப்படும். உச்சியில் மட்டும், காறை எலும்பு முடியும் புள்ளியில் குத்தினால் அது தோள் உச்சியிலுள்ள சிறு மூட்டு. அந்தக் கையை நெஞ்சுக்குக் குறுக்கே மற்றத் தோளுக்குக் கொண்டுபோனாலும் அங்கேயே குத்தும்.

மூன்றாவது கழுத்து. மேலே பார்த்து, நோகும் பக்கம் மெதுவாகத் திரும்புங்கள். முழங்கையைத் தாண்டி விரல்வரை மின்சாரம்போல ஓடினால் நிறுத்திவிடுங்கள். நோகும் கையைத் தலைமேல் வைத்தால் இதமாக இருக்கிறதா? அதுவும் கழுத்து நரம்பையே காட்டும். தோள்மூட்டு நோவென்றால் கையைத் தலைமேல் வைப்பதே கஷ்டம்.

எவ்வளவு நொந்தால் சரி

எல்லாப் பயிற்சிக்கும் ஒரே அளவுகோல்தான். நோவில்லை என்றால் 0, தாங்கவே முடியாதென்றால் 10. பயிற்சியின்போது 3, 4 வரை ஏறலாம். ஆனால் அடுத்த நாள் அதே நேரத்துக்குள் வழமையான அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும், அன்றிரவு தூக்கம் முந்திய இரவைவிடக் கெட்டிருக்கக் கூடாது. கெட்டால் அளவு கூடிவிட்டது. அப்போது முற்றாக நிறுத்தவேண்டாம், எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். கொழும்பில் அடிக்கடி காண்பது இரண்டு அந்தங்களைத்தான். ஒருவர் கையைத் தூளியில் போட்டு மாதக்கணக்கில் அசைக்காமல் வைத்திருப்பார், மற்றவர் "நொந்தால்தான் விடும்" என்று பல்லைக் கடித்து இழுப்பார். இரண்டு பேருக்கும் தோள் இன்னும் இறுகும்.

இறுகிய தோள்

இது பெரும்பாலும் 40க்கும் 60க்கும் இடையில் வரும், சீனி வருத்தமும் தைரொயிட் கோளாறும் உள்ளவர்களுக்குக் கூடுதலாக வரும். சீனி இருப்பதே தெரியாமல் தோளுக்கென்று வந்து சீனி கண்டுபிடிக்கப்படுபவர்களும் உண்டு. ஆகவே கடைசியாக எப்போது இரத்தம் பார்த்தீர்கள் என்று நினைவில்லாவிட்டால் கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி (HbA1c) இரத்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். ஃபான் காற்றுப் பட்டதால் வந்தது, ஏசியில் படுத்ததால் பிடித்துக்கொண்டது என்பதெல்லாம் நம்முடைய பழைய வழக்குகள். குளிரில் இறுக்கம் கூடித் தெரியலாம், ஆனால் உறை தடித்துச் சுருங்குவதற்குக் குளிர் காரணமல்ல.

முதல் சில மாதங்கள் நோவு முந்தும், பிறகு நோவு குறைந்து இறுக்கம் முந்தும், கடைசியில் மெல்ல மெல்லத் திறக்கும். முழுச் சுற்றும் ஒன்றிலிருந்து மூன்று வருடம்வரை போகலாம். இதை ஆரம்பத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது. ஆறு கிழமையில் சரியாகவில்லை என்று நாலு இடம் மாறி, ஒவ்வோரிடத்திலும் புதிதாக இழுவை வாங்குபவர்கள்தான் அதிகம் கஷ்டப்படுகிறார்கள்.

நோவு முந்தும் காலத்தில் கொஞ்சமாக, அடிக்கடி என்பதே முறை. இழுத்துப் பிடிக்கும் பயிற்சி இப்போது வேண்டாம். சுடுதண்ணிப் பையைத் துவாயில் சுற்றி 10 அல்லது 15 நிமிடம் வையுங்கள். சீனியால் உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டை வேறொருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டு வைக்கவேண்டும், இல்லாவிட்டால் கொப்பளம் வந்த பிறகுதான் தெரியும். அதன்பின் தொங்கல் பயிற்சி.

இந்தத் தொங்கல் பயிற்சியைத்தான் பெரும்பாலானவர்கள் பிழையாகச் செய்கிறார்கள். சாப்பாட்டு மேசை விளிம்பில் நல்ல கையை ஊன்றுங்கள். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. இடுப்பிலிருந்து குனிந்து, நோகும் கையைக் கிணற்றுக் கயிற்றில் தொங்கும் வாளிபோல விட்டுவிடுங்கள். இனி அசைய வேண்டியது உடல், கை அல்ல. பாரத்தை முன்காலுக்கும் பின்காலுக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்தால் வாளி தானாக ஆடும். பக்கவாட்டுக்கு இடுப்பை அசையுங்கள். கையே வட்டம் போட்டால், ஆட்டுக்கல்லில் மா அரைப்பதுபோல, தோள் தசைகள் இறுகி வேலை செய்கின்றன என்று அர்த்தம், பயிற்சியின் நோக்கமே போய்விடும். சரிபார்க்க ஒரு வழி உண்டு. யாராவது உங்கள் மணிக்கட்டைச் சற்று உயர்த்தி விடட்டும். கை சட்டென்று விழவேண்டும். அந்தரத்தில் நின்றால் நீங்கள் இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். ஒன்று அல்லது இரண்டு நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தடவை போதும். குனிந்தால் தலை சுற்றுபவர்கள் கட்டில் விளிம்பில் குப்புறப் படுத்துக் கையைத் தொங்கவிடலாம்.

இந்தக் காலத்தில் மூட்டுக்குள் போடும் ஸ்டீரொயிட் ஊசி சிலருக்கு நல்ல உதவி. நோவு தணிந்து பயிற்சி செய்ய வழி விடும். சீனி உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பிறகு சில நாட்கள் சீனி ஏறும், வீட்டில் குத்திப் பார்க்கும் கருவி இருந்தால் அந்த நாட்களில் கூடுதலாகப் பாருங்கள். டைக்ளோபெனக்போன்ற நோவுக் குளிசைகளைப் பாமசியில் கேட்டு வாங்கி நீண்ட நாள் விழுங்கவேண்டாம். பிரஷர், சிறுநீரகம், வயிற்றுப்புண் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடவே கூடாது.

நோவு அடங்கி இறுக்கம் மட்டும் மிஞ்சியதும் இழுவைப் பயிற்சி தொடங்கலாம். ஒவ்வோர் இழுவையும் 20 முதல் 30 வினாடி, 3 முதல் 5 தடவை, காலையும் மாலையும்.

முதலில் வெளிப்பக்கத் திருப்பல், ஏனென்றால் இந்த நோயில் கூடுதலாக இழக்கப்படுவது அதுதான். மல்லாக்காகப் படுத்து, முழங்கைக்குக் கீழே மடித்த துவாய் வையுங்கள். ஒரு தும்புத்தடியின் கம்பை இரு கைகளாலும் பிடித்து, நல்ல கையால் தள்ளி நோகும் முன்கையை வெளியே கொண்டுபோங்கள். இங்கே ஒரு கள்ளத்தனம் நடக்கும். முழங்கை மெதுவாக இடுப்பைவிட்டு விலகும், கம்பு தூரம் போகும், மூட்டு ஒரு பாகையும் திரும்பியிருக்காது. அதைப் பிடிக்க ஒரு பத்திரிகையை மடித்து முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே வையுங்கள். பத்திரிகை விழுந்தால் அந்தத் தடவை கணக்கில் இல்லை. இன்னொரு கள்ளம் மணிக்கட்டில். முன்கை நிற்க மணிக்கட்டு மட்டும் வளையும். கைமுட்டியை முன்கையோடு நேராக வைத்தால் அது தெரிந்துவிடும்.

அடுத்தது மேசைச் சறுக்கல். கதிரையில் இருந்து, கைக்குக் கீழே துவாய் போட்டு, மேசையில் முன்னோக்கிச் சறுக்குங்கள். உடலும் சேர்ந்து குனியட்டும். கையின் பாரத்தை மேசை தாங்க உடல் குனிவதால் மூட்டு பயப்படாமல் திறக்கும். சுவரில் விரலால் ஏறுவது எல்லோருக்கும் தெரிந்த பயிற்சிதான். ஆனால் உயரம் காட்டுவதற்காகப் பக்கத்துக்குச் சாய்ந்து, நுனிக்காலில் நின்று ஏறுவார்கள். சுவரைப் பார்த்து நேராக நின்று, இரு தோளும் ஒரே மட்டத்தில் இருக்கும்வரை மட்டும் ஏறுங்கள். எட்டிய இடத்தில் பென்சிலால் சிறு கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். கிழமைக்கு ஒருமுறை போதும். தினமும் அளந்தால் மனம்தான் சோரும்.

முதுகுக்குப் பின்னால் துவாயைப் பிடித்து மேலே இழுப்பதைக் கடைசிக்கு விடுங்கள். சட்டைக் கொக்கி போட முடியவில்லை, சாறியைச் செருக முடியவில்லை என்ற கவலையில் பெண்கள் பலர் இதிலிருந்தே தொடங்குகிறார்கள். மூட்டைக் கூடுதலாகக் கிளறுவதும் கடைசியாகத் திரும்பி வருவதும் அந்தத் திசைதான். முன்பக்கம் கொக்கி வைத்த சட்டை சில மாதத்துக்குப் பெரிய நிம்மதி.

தசைநார் நோவு

மேற்கை எலும்பின் தலையைச் சுற்றி நான்கு சிறு தசைகளும் அவற்றின் நார்களும் சுற்றிப் பிடித்து நிற்கின்றன. கையை உயர்த்தும்போது எலும்புத் தலை நழுவாமல் நடுவில் வைத்திருப்பது அவற்றின் வேலை. வயதும் திடீரென்று கூடிய வேலையும் சேர்ந்தால், தீபாவளிக்கு முன் ஒரே நாளில் வீட்டுச் சுவர் முழுதும் துடைப்பதுபோல, அவை நோகத் தொடங்கும். இதற்கு மருந்து இழுவை அல்ல, பாரம். மெதுவாகக் கூட்டப்படும் பாரம்.

தொடக்கத்தில் அசையாமல் தள்ளுவது. சுவருக்குப் பக்கவாட்டில் நின்று, முழங்கையை மடித்து, மணிக்கட்டின் வெளிப்பக்கத்துக்கும் சுவருக்கும் நடுவே துவாய் வைத்து, உங்கள் பலத்தில் மூன்றிலொரு பங்கால் வெளியே தள்ளுங்கள். 20 முதல் 30 வினாடி, 5 தடவை, நாளுக்கு இரண்டு முறை. மூச்சைப் பிடிக்கவேண்டாம், பிரஷர் உள்ளவர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்கவேண்டும்.

ஒன்றிரண்டு கிழமையில் நோவு அடங்கியதும் போத்தலுக்கு மாறலாம். தண்ணீர்ப் போத்தலைவிட நல்ல டம்பெல் இல்லை, ஏனென்றால் 200 மில்லி ஊற்றினால் 200 கிராம், அரை லீட்டர் ஊற்றினால் அரைக் கிலோ. நல்ல பக்கம் சரிந்து படுத்து, நோகும் கையின் முழங்கையை இடுப்பில் வைத்து, நடுவே துவாய் கொடுத்து, போத்தலை வயிற்றுப் பக்கத்திலிருந்து மேலே திருப்புங்கள். ஏற 2 வினாடி, இறங்க 3 வினாடி. 10 தடவையாக 3 சுற்று, நடுவில் ஒரு நிமிட ஓய்வு, ஒருநாள் விட்டு ஒருநாள். 3 சுற்றும் 15 தடவையாக இலகுவாக வந்தால் 100 மில்லி கூட்டுங்கள். ரப்பர் பட்டி வைத்திருப்பவர்கள் கதவுக் கைபிடியில் கட்டி நின்றபடி இதையே செய்யலாம், கதவு தங்கள் பக்கம் திறக்காததா என்று பார்த்துக் கட்டினால் சரி.

பிறகு கை உயர்த்தல். நேர் பக்கவாட்டிலல்ல, அதிலிருந்து 30 பாகை முன்னே, பெருவிரல் மேலே பார்க்க, தோள் மட்டம்வரை மட்டும். கண்ணாடியில் காதைப் பாருங்கள். நோகும் பக்கத் தோள் காதை நோக்கி எழும்பினால் பாரம் கூட, கொஞ்சத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். இதோடு சுவரில் கை ஊன்றித் தள்ளும் பயிற்சி 10 தடவையாக 2 சுற்று. கடைசியில் முழங்கை நேரான பிறகும் இன்னும் கொஞ்சம் தள்ளி, முதுகைச் சுவரைவிட்டு விலக்குங்கள். தோள்பட்டை எலும்பைப் பிடித்து வைக்கும் தசை அந்தக் கடைசித் தள்ளலில்தான் வேலை செய்கிறது.

12 கிழமையாவது கொடுங்கள். நாலாவது கிழமையில் நோவு குறைந்ததும் விட்டுவிட்டு, பிறகு "திரும்ப வந்திட்டுது" என்பதுதான் வழமை. ஸ்கேனில் "கிழிவு" என்று எழுதியிருந்தால் பதறவேண்டாம். அறுபதைத் தாண்டியவர்களில் நோவே இல்லாத தோளிலும் கிழிவு காணப்படுவது சாதாரணம். விழுந்து வந்த கிழிவும் தேய்ந்து வந்த கிழிவும் ஒன்றல்ல.

கழுத்தும் முழங்கையும்

கழுத்திலிருந்து வரும் கை நோவுக்கு முதல் உதவி கையைத் தலைமேல் வைத்து இளைப்பாறுவது, அடுத்தது மடிக்கணினியின் மேல் விளிம்பைக் கண்மட்டத்துக்கு உயர்த்துவது. நாடியை (மோவாயை) நேராகப் பின்னுக்கு இழுத்து 5 வினாடி வைத்து விடுவதை 10 தடவையாக நாளில் சில முறை செய்யலாம். அப்போது நோவு விரலிலிருந்து தோள்பக்கம் ஏறிவந்தால் நல்ல அறிகுறி. விரலை நோக்கி இறங்கினால் நிறுத்துங்கள். கழுத்தை இழுக்கும் கருவியை யாரும் பரிசோதிக்காமல் வாங்கி மாட்டவேண்டாம். கை பலமிழந்தாலோ, சட்டைப் பொத்தான் போடத் தடுமாறினாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ உடனே வைத்தியசாலை.

முழங்கை வெளிப்பக்க நோவை டெனிஸ் எல்போ என்பார்கள். டெனிஸ் மட்டையைத் தொடாத நம் சமையலறைகளில் அது தேங்காய்த் திருவலையாலும் துணி பிழிவதாலும் வருகிறது. உள்ளங்கை கீழே பார்க்க இறுக்கிப் பிடிக்கும் வேலை எதுவும் அதைக் கிளறும். முன்கையை மேசையில் வைத்து, மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே விட்டு, உள்ளங்கை கீழே இருக்க, மற்றக் கையால் புறங்கையை அழுத்தி, அசையாமல் எதிர்த்துப் பிடியுங்கள். 30 முதல் 45 வினாடி, 5 தடவை. இரண்டு கிழமை கழித்து அரை லீட்டர் போத்தலைப் பிடித்து, மற்றக் கையால் மேலே கொண்டுவந்து, 4 வினாடி எடுத்து மெதுவாக இறக்குங்கள், 10 தடவையாக 3 சுற்று. முன்கைப் பட்டி கட்டுவதானால் நோகும் எலும்புக்கு இரண்டு விரல் கீழே, சதையில் கட்டவேண்டும். எலும்பின்மேல் கட்டினால் பயனில்லை, கட்டியபடி தூங்கவும் கூடாது. ஸ்டீரொயிட் ஊசி முழங்கைக்குச் சில கிழமை சொர்க்கம்போல இருக்கும். ஆனால் ஒரு வருடக் கணக்கில், ஊசி போடாமல் விட்டவர்களைவிடப் போட்டவர்களுக்கே நோவு திரும்புவது கூட. தோள் இறுக்கத்துக்கு உதவும் அதே ஊசி இங்கே நீண்ட நாளுக்கு உதவாது.

மணிக்கட்டு நரம்புக்கு, மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டியை ஆறு கிழமை இரவில் மட்டும் போட்டுப் பாருங்கள். பெருவிரலடிச் சதை வற்றத் தொடங்கினால் காத்திருக்காமல் நிபுணரிடம்.

படுக்கை, பஸ், சமையலறை

இரவுதான் தோள் நோவின் நேரம். நல்ல பக்கம் சரிந்து, நெஞ்சுக்கு முன்னால் ஒரு தலையணையை அணைத்து அதன்மேல் நோகும் கையை வையுங்கள். மல்லாக்காகப் படுத்தால் முழங்கைக்குக் கீழே மடித்த துவாய் வேண்டும், இல்லாவிட்டால் முழங்கை மெத்தையில் பின்னுக்கு விழுந்து தோளின் முன்பக்கத்தை இரவு முழுதும் இழுக்கும். சட்டை போடும்போது நோகும் கை முதலில், கழற்றும்போது கடைசியில்.

காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்று போகிறவர்கள் மேல் கம்பியைவிட்டு, ஆசன முதுகிலுள்ள பிடியைப் பிடிக்கலாம். பஸ் திடீரென்று நிற்கும்போது மேலே பிடித்த கைக்குத்தான் முழு உதறலும் வரும். தொடர்மாடியில் தலைக்கு மேல் கொடி கட்டியவர்கள் கொஞ்ச நாளைக்கு மடக்கும் உலர்த்தியை வைத்துக்கொள்ளுங்கள். தேத்தண்ணிக் கேத்தலை உள்ளங்கை மேலே பார்க்கத் தூக்கினால் முழங்கை நோகாது. தேங்காயில் ஒரு பாதியைத் திருவிவிட்டு வேறு வேலை பார்த்து, பிறகு மறுபாதி. அலுமாரி மேல்தட்டிலிருந்து அடிக்கடி எடுக்கும் டப்பாக்களை இடுப்பு மட்டத்துக்கு இறக்குங்கள்.

வீட்டில் பாரிசவாதம் வந்தவர் இருந்தால் ஒன்று மட்டும்: விழுந்த பக்கக் கையைப் பிடித்தோ அக்குளில் கை கொடுத்தோ அவரைத் தூக்காதீர்கள். தசை தாங்கிப் பிடிக்காத மூட்டு அப்படியே கீழே இறங்கிவிடும்.

பிசியோவிடம் போகும்போது

அரச வைத்தியசாலையில் ஓபிடி எனும் வெளிநோயாளர் பிரிவு வழியாகக் கிளினிக்குக்கும் அங்கிருந்து இயன்மருத்துவப் பிரிவுக்கும் அனுப்புவார்கள், காசில்லை, காத்திருப்புத்தான் செலவு. ராகமையில் மூட்டுநோய்க்கும் புனர்வாழ்வுக்குமென்றே ஓர் அரச வைத்தியசாலை இருக்கிறது. தனியாரிடம் சனல் பண்ணி, அதாவது முன்பதிந்து, போவதானால் அவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்று கேளுங்கள், கேட்பது மரியாதைக் குறைவல்ல. முதல் நாளே தொட்டுப் பார்க்காமல், கையைத் தூக்கச் சொல்லாமல், நேரே மின் கருவியைப் பூட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போகிறவரிடம் பணத்தைக் கொட்டவேண்டாம். கருவி கொஞ்சம் இதம் தரலாம், கை திறப்பது பயிற்சியால்.

தளர்வான, கையில்லாத உடுப்போடு போங்கள். பெண் பிசியோ வேண்டுமென்றால் பதியும்போதே சொல்லுங்கள். குளிசைச் சீட்டு, சீனி அறிக்கை, வீட்டுச் சுவரில் போட்ட கோட்டின் உயரம் மூன்றையும் எழுதிக் கொண்டுபோங்கள். பிசியோ சிங்களம் பேசுபவரென்றால் இரண்டு சொல்லைப் பிரித்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடியும்: நோகிறதென்றால் "ரிதெனவா", மரத்துப்போகிறதென்றால் "ஹிரி வெட்டெனவா". "விறைக்குது" என்பதை மொழிபெயர்க்கப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்தால் எந்த விறைப்பு என்று அவருக்கும் தெரியாது.